கூண்டு நிறைய மீன்! வீடு நிறைய கடன்!

ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் வாழும் விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே!

சாமைக்கு விலை இல்லை. புளிக்கு விலை இல்லை. இந்த நேரம் பார்த்து, "அணையில கூண்டு போட்டு மீன் வளருங்க, லட்சம் லட்சமா அள்ளலாம்" என்று யாராவது வந்தால் நமக்கு ஆசை வரத்தான் செய்யும். மீன் வளர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. "எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு குஞ்சு விடுங்க" என்கிற பேச்சைத்தான் எதிர்க்கிறோம்!

குஞ்சு விற்கிறவனுக்கு எண்ணிக்கையில் லாபம். தீவனம் விற்கிறவனுக்கு மூட்டையில் லாபம். நமக்கு எடை ஏறினால்தான் லாபம்!

சாமையை நெருக்கி விதைச்சா கதிர் சிறுத்துப் போகும். ஒரே பட்டியில் ஆட்டை அடைச்சா சீக்கு வரும். தண்ணீருக்குள்ளும் அதே நியாயம்தான்.

மீனுக்கு மூச்சு தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 3க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன் இரை எடுக்காது, வளராது. வெயிலில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். விடியற்காலையில் இன்னும் குறையும். கூட்டம் அதிகமானால் கழிவும் மிச்சத் தீவனமும் சேர்ந்து அம்மோனியா ஏறும். உடம்பு உரசிப் புண்ணாகும். மீன்பேன் ஒன்றிலிருந்து நூற்றுக்குத் தாவும். குளத்து மீனாவது விலகிப் போகும். கூண்டு மீன் எங்கே போகும்?

"பங்கேசியஸ் சாகாதுங்க" என்பார்கள். அது மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும், உண்மைதான். பிழைப்பது வேறு, வளர்வது வேறு!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 4 அகலம், 4 ஆழம் உள்ள கூண்டில் 5,000 மீன், ஒவ்வொன்றும் 800 கிராம் என்றால் 4 டன். 8,000 அடைத்து, நெருக்கடியில் ஒவ்வொன்றும் 450 கிராமோடு நின்றுவிட்டால் 3.6 டன்தான். குஞ்சுச் செலவு கூடுதல், தீவனம் வீண், பொடி மீனுக்கு விலையும் கம்மி.

பிலிப்பைன்ஸ் நாட்டுத் தால் ஏரியில் 2011 மே மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கான டன் கூண்டு மீன் செத்து மிதந்தது. அளவுக்கு மீறிய கூண்டுகளும், ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் மேலே கிளம்பியதும்தான் காரணம். ஏரிக்கே அந்தக் கதி என்றால், கோடையில் வற்றும் சாத்தனூரும் செண்பகத்தோப்பும் தாங்குமா?

"மானியம் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் அணைக் கூண்டு ஒன்றுக்கு 3 லட்சம் மதிப்பு. பழங்குடியினருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பெண்களுக்கும் 60 சதவீத மானியம். மீதி 1 லட்சத்து 20 ஆயிரம் யார் பணம்? நம்ம வீட்டுத் தாலியும் ஆடும்தான்!

எனவே நாம் கேட்கிறோம்:

1. எந்த மீனுக்கு, ஒரு கன மீட்டருக்கு எத்தனை குஞ்சு என்று மீன்வளத்துறை தமிழில் எழுதிக் கொடு!

2. கோடை நீர்மட்டத்தை வைத்தே அணையில் மொத்தக் கூண்டு எத்தனை என்று முடிவு செய்!

3. ஆக்சிஜன் அளக்கும் கருவியும், அளக்கும் பயிற்சியும் கொடு!

4. குஞ்சும் தீவனமும் ஒருவரிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தடை செய்!

5. செத்த மீனுக்குக் காப்பீடு கொடு!

எழுத்தில் வரும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர் கூடிப் பேசுவோம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

– விவசாயிகள் சங்கம்