சீமைக் கருவேல் போன பின்பு

கண்மாய்களிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலை அகற்றும் பணி நம் தென் மாவட்டங்களில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவு இப்பணிக்கு வேகம் ஊட்டியதை அங்கத்தினர்கள் அறிவர். இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் மரத்தைப் பிடுங்கிய இடத்தில் என்ன வளரவேண்டும் என்ற கேள்வியைக் கேட்போர் மிகச் சிலரே. பிடுங்குவது பாதி வேலை. மீதிப் பாதியைச் செய்யாவிடில் முதற்பாதியும் வீணாகும் என்பதே நமது அபிப்பிராயம்.

வைகைப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். வருசநாட்டு மலைகளில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் இந்நதியின் இருபுறமும் மேட்டில் சரளையும் செவலும், சரிவில் சற்று ஆழமான செம்மண்ணும், அடிப்பகுதியில் வண்டலும் களியுமாக மண் படிப்படியாக மாறுகிறது. மேட்டிலிருந்து மழை அரித்துக் கொணரும் நுண்ணிய மண் யாவும் தாழ்விடத்தில் தங்குவதே இதற்குக் காரணம். ஆற்றை ஒட்டிய படுகையில் மணலும் இளவண்டலும் இருக்கும். அதற்கு அப்பால், வெள்ளம் தேங்கி நின்று வடியும் பள்ளத்தில், கனத்த களிமண் படியும். சோழவந்தான் பகுதியின் வெற்றிலைக் கொடிக்காலும் நெல்வயலும் இவ்வண்டல் தந்த வாழ்வேயாகும்.

ஆனால் மண்ணோடு உப்பும் தாழ்விடத்துக்கே வருகிறது. நம் பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழையைவிட வெயில் உறிஞ்சும் நீர் அதிகம். வடிகால் இல்லாத பள்ளத்தில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேலே தங்கிவிடும். அவ்வாறே வளமான களி நாளடைவில் உவராகவும் களராகவும் மாறுகிறது. ஆகவே பள்ளத்தாக்கின் அடிநிலம் மிகச் செழிப்பானது. அதே வேளையில் மிக எளிதில் கெட்டுப்போவதும் அதுவே.

இவ்வுண்மையை நம் முன்னோர் செடிகொடிகளின் வாயிலாக அறிந்திருந்தனர். மணற்பாங்கில் நாணல், கரையோரத்தில் நொச்சியும் தாழையும் மருதும், நீர் தேங்கும் களியில் கோரையும் சம்பும் நாட்டுக் கருவேலும், உப்பு மிகுந்த கீழ்க்கோடியில் உகாயும் உமரியும். இவை ஒவ்வொன்றும் தான் நிற்கும் மண்ணின் குணத்தை எடுத்துரைக்கும். நாணலின் வேர் மணலைப் பிணைத்தது. நொச்சியும் தாழையும் கரையைக் காத்தன. கோரை வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து வண்டலைத் தங்கவைத்தது.

இவை உழவருக்கு மட்டும் உரிய செல்வமல்ல. நொச்சி மிலாறு கூடை முடைய உதவியது. தாமிரபரணிக் கரையில் பத்தமடைப் பாய் புகழ் பெற்றதும் ஆற்றோரக் கோரையினால்தான். வைகைக் கரையை அடுத்த கீழடியில் 2015 முதல் நடைபெற்று வந்த அகழாய்வுகளில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். உழவும் நெசவும் இப்பள்ளத்தாக்கில் ஒருங்கே வளர்ந்தவை. அதன் கரையைக் காப்பதும் இரு சாராருக்கும் பொதுவான கடமையாகும்.

சீமைக் கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்தது. வறட்சியையும் உப்பையும் தாங்கும் இயல்பினால், விறகுக்காகவும் வேலிக்காகவும் விரும்பியே நடப்பட்டது. நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் விதையை எங்கும் பரப்பின. அவ்விதை மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். எனவே இயந்திரம் கொண்டு வேரைக் கெல்லி நிலத்தை வெறுமையாக விட்டுச் சென்றால் நேர்வது யாது? ஐப்பசி மழையில் கரை கரையும்; கோடையில் உப்பு மேலேறும்; அடுத்த ஆண்டு அதே முள் முன்னிலும் அடர்த்தியாக முளைக்கும்.

முள்ளை நீக்கிய இடத்தை உழுது பயிரிட்டால் ஏழை உழவனுக்கு உதவுமே என்று சிலர் வாதிக்கின்றனர். அவர்களது நோக்கம் நல்லதே. ஆனால் கரையை உழுதால் முதல் வெள்ளம் அக்கரையோடு பக்கத்து வயலையும் கொண்டுபோகும். ஒருவருக்குக் கிடைக்கும் ஒருபோக விளைச்சலுக்காக ஊரார் அனைவரும் நஷ்டமடைவது கூட்டுறவாகாது.

ஆதலால் நாம் கூறுவது இதுவே. கரை முழுவதையும் ஒரே மூச்சில் வெறுமையாக்காமல் பகுதி பகுதியாக அகற்றவேண்டும். அகற்றிய பகுதியில் அந்த மழைக்காலத்திலேயே, மண்ணுக்கு ஏற்ப நாணல், வெட்டிவேர், நொச்சி, மருது, கோரை ஆகியவற்றை நடவேண்டும். பின் முளைக்கும் முட்செடியை இரண்டு மூன்று ஆண்டுகளேனும் கன்றாக இருக்கும்போதே களையவேண்டும். கண்மாயை அடுத்த பட்டா நிலத்தில் களர் கண்டிருந்தால், மண்ணைப் பரிசோதித்து, பரிந்துரைக்கப்படும் அளவு ஜிப்சம் இட்டு, நன்னீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல் நலம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் ஏராளம். வெட்டும் வேலையையும் விறகையும் வெளிக் குத்தகைதாரருக்குக் கொடுக்காமல் அவர்களுக்கே அளிக்கவேண்டும். வளரும் கோரையை நியாய விலையில் பாய் நெசவாளர் பெறவும் வழி செய்யவேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை, ஒற்றுமையே தேவை. வரும் மகாசபையில் அங்கத்தினர்கள் தத்தம் ஊர்க் கரையின் மண் எத்தகையது, அங்கு முன்பு என்னென்ன வளர்ந்தன என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வந்து கூறுவார்களாக. நமது பணி அங்கிருந்தே தொடங்கட்டும்.