லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?
பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்டு யாரோ விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அதில் மைலேஜ் பற்றி மூச்சே இல்லை. வண்டி என்றாலே முதல் கேள்வி ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது’ என்று இருக்கும் ஊரில், அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. 1985இல் இரண்டு வண்டிகள் கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்தன. ஹீரோ ஹோண்டா சிடி 100, பெட்ரோலை ஊற்றி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்று சொல்லிக் குடும்பஸ்தர்களை அள்ளியது. யமஹாவோ ஏறக்குறைய அதே அளவு இன்ஜினில் 11 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்தவரைக் கம்பியைப் பிடிக்கவைத்தது. டூ ஸ்ட்ரோக் அல்லவா, உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியே போய்விடும். ஆயில் செலவு தனி. (புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) ஆனால் காசுக் கணக்கு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, லிட்டருக்கு 35 கொடுக்கும் வண்டிக்கும் 60 கொடுக்கும் வண்டிக்கும் வித்தியாசம் மூன்றரை லிட்டர் சொச்சம், நானூறு ரூபாய்க்குள். ஞாயிறு காலையில் மட்டும் ஈசிஆர் பக்கம் போய் வருகிறவரிடம் மைலேஜ் விசாரிப்பது, கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு என்ன செலவாச்சு என்று கேட்பது மாதிரி. தினமும் ஐம்பது கிலோமீட்டர் அலையும் விற்பனைப் பிரதிநிதிக்குத்தான் கணக்கு வேறு; அவருக்கு அதே வித்தியாசம் மாதம் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும், அது பிள்ளையின் டியூஷன் காசு.