அவுங்க

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் கொஞ்சம் ஒதுங்கினால் மண்டகப்பட்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று வரிசையாக ‘இல்லை’ சொல்லிவிட்டுத்தான், இது பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் செய்த இடம் என்கிறது, அந்தப் பட்டம் பூண்ட மகேந்திரவர்மன் அங்குள்ள குடைவரையில் வெட்டிய கல்வெட்டு. மூன்று கருவறையும் இன்று காலி. வாயிற்காவலர் இருவரும் உள்ளே யாரும் இல்லாத வீட்டைக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கொரிய மொழிப் பாடத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் மகள் இங்கேதான் என்னோடு வந்தாள். தொடர் பார்த்துப் பிடித்த ஆசை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும் என்று தொடர்ந்தாள். இப்போது கவிதை வரைக்கும் வந்துவிட்டது.

“சித்தப்பா, போதிதர்மர் காஞ்சிபுரம்தானே?”

‘ஏழாம் அறிவு’ படம் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு ஓய்வில்லை. தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது ஒரு பழைய சீனக் குறிப்பு. பாரசீகர் என்கிறது இன்னொன்று. காஞ்சி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் பேரோடு சேர்த்துச் சொல்கிற நம் ‘தியானம்’ சீனத்தில் சான், கொரியாவில் சொன், ஜப்பானில் ஜென் ஆனது மட்டும் உறுதி.

அப்பாவுக்குக் கொரியாவிலும் அப்பாதான் என்று சொல்லிச் சிலிர்ப்பதும் எனக்கு அலுத்துவிட்டது. கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே ஓர் இலக்கண நூல் எழுதினார். உறவை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் வாக்கியம் போகிற வழி ஒன்றுதான்: வினை கடைசியில், விகுதி வினைக்குப் பின்னால். தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு கொரியம் படிப்பது வீண் அலைச்சல்.

சிக்கல் அந்த விகுதியில்தான். ‘உட்கார்ந்தேன், உட்கார்ந்தான், உட்கார்ந்தாள்’ என்று தமிழ் வினை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கொரிய வினை காட்டாது. எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு மரியாதை என்பதைச் சொல்லும். யாருமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு கவிதையைத் தமிழில் வைத்தால் உள்ளே ஓர் ஆள் நுழைந்துவிடுகிறான். “எச்சமா விட்டுடலாமா சித்தப்பா? ‘உட்கார்ந்து’ன்னு மட்டும்?” என்றாள். வினைமுற்றைத் தேடி வாசகன் தவிப்பானே!

அவளுக்குப் பிடித்தவர் மன்ஹே என்ற புனைபெயர் கொண்ட ஹன் யோங்-உன். புத்தத் துறவி. 1919 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் ஒருவர். ஜப்பானிய ஆட்சி ஒழிவதற்கு ஓராண்டு முன்பு, 1944-ல், இறந்தார். ‘நிம்மின் மௌனம்’ என்ற அவருடைய தொகுப்பு 1926-ல் வந்தது. நிம் யார்? ஆணா, பெண்ணா, இழந்த நாடா, புத்தனா? எதுவாகவும் இருக்கலாம். கொரியத்தில் ஆசிரியரைக் கூப்பிடும்போது கடைசியில் ஒட்டுகிற மரியாதைச் சொல்லும் அதே நிம்தான்.

‘தலைவன்’ என்று முதலில் எழுதினாளாம். அடித்துவிட்டு ‘காதலி’ என்றாளாம். அதையும் அடித்துவிட்டாள்.

“பாட்டி தாத்தாவ எப்படிச் சொல்லும்?” என்று கேட்டேன்.

அவள் நோட்டைப் பிரித்தாள். ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல், மரியாதை மட்டும் மிச்சமாய், எங்கள் அம்மா ஐம்பது வருடம் பேர் சொல்லாமல் புழங்கிய அந்தச் சொல்லை எழுதிக்கொண்டாள்.