அவஸ்தை பூச சாமியாரை எப்போ கூப்பிடுறது?

போன கல்லறைத் திருநாளுக்கு (நவம்பர் 2) ஊருக்குப் போயிருந்தேன். லால்குடி பக்கத்துல சின்ன ஊரு. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, சாமந்திப்பூ போட்டு, மெழுகுதிரி ஏத்தி வச்சா, சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுட்டுப் போவார். எங்க குடும்பக் கல்லறை ரெண்டு பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒண்ணு அப்பாயியோடது, 2017. இன்னொண்ணு பெரியப்பாவோடது, 2021. ரெண்டு பேர் சாவும் நேரெதிர். அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு. கிறிஸ்தவங்க இல்லாதவங்களும் தாராளமா படிக்கலாம், மதம் எல்லாம் மாத்த மாட்டேன் :-)

முதல்ல அப்பாயி கதை. நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். அப்பாயி ரெண்டு மாசமா படுக்கை. அவஸ்தை பூச சாமியாரைக் கூப்பிடலாமா வேண்டாமான்னு வீட்டுல ஒரே விவாதம். "இப்பவே கூப்பிட்டா அம்மா பயந்துடும்"னு எங்கப்பா. உள்ள படுத்திருந்த அப்பாயி சத்தமா சொல்லுச்சு: "ஏன்டா, நான் பயப்படுறேனா நீ பயப்படுறியா?"

அதோட விடலை. டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுச்சு. உள்ள ஒரு வெள்ளைப் புடவை, மந்திரிச்ச மெழுகுதிரி, ஒரு ஜெபமாலை, பெட்டிக்குன்னு தனியா முடிஞ்சு வச்ச காசு. எல்லாம் பல வருஷம் முன்னாடியே எடுத்து வச்சது. அப்புறம், "சாமியார் வர்றதுக்கு முன்னாடி அவளை வரச் சொல்லு"ன்னுச்சு. அவள்னா சின்ன அப்பாயி, தாத்தாவோட தம்பி சம்சாரம். ஒரு நடுச்சுவர் தகராறுல ரெண்டு பேருக்கும் பல வருஷமா பேச்சே கிடையாது. அவங்க வந்தாங்க. யாரு முதல்ல மன்னிப்பு கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, எங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு ரெண்டு டீ கேட்டு சத்தம் வந்துச்சு. மறுநாள் பாவசங்கீர்த்தனம், பூசுதல், நன்மை எல்லாம் ஆச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் இருந்துச்சு அப்பாயி. நிம்மதியா இருந்துச்சு.

இப்போ பெரியப்பா. 2021 மே, கொரோனா ரெண்டாவது அலை. ஆஸ்பத்திரிக்குள்ள யாரையும் விடலை, ஃபோன் மட்டும்தான். அவருக்கும் அவர் பையனுக்கும் (எனக்கு அண்ணன்) கல்யாண விஷயத்துல மூணு வருஷமா பேச்சு இல்ல. ஒரு நாள் ராத்திரி நான் ஃபோன் பண்ணேன். மூச்சு வாங்க வாங்க, "அவன்கிட்ட பேசணும்டா"ன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் வீட்டுக்கு வந்து பொறுமையா பேசிக்கலாம் பெரியப்பா, இப்போ டென்ஷன் ஆகாதீங்க." அண்ணன் நம்பர் என் ஃபோன்லயே இருந்துச்சு. கான்ஃபரன்ஸ் போட பத்து செகண்ட் ஆகியிருக்காது. மறுநாள் காலையில வென்டிலேட்டர் வச்சாங்க. நாலாவது நாள் போயிட்டார்.

நான் சொன்னது ஆறுதல் இல்ல, பொய். அவர் சரியாகித் திரும்பி வருவார்னு எனக்கே நம்பிக்கை இல்ல. அவருக்கு அது தெரிஞ்சிருந்துச்சு, தயாராகப் பார்த்தார். நான்தான் குறுக்க நின்னேன்.

ஐரோப்பாவுல 1347-லேர்ந்து 1351 வரைக்கும் கொள்ளைநோய் வந்து கொத்துக்கொத்தா செத்தாங்க. சாமியார்களும் செத்தாங்க. அந்த மாதிரி காலத்துக்கு அப்புறம், 1415 வாக்குல 'ஆர்ஸ் மோரியெந்தி'ன்னு ஒரு லத்தீன் புத்தகம் வந்துச்சு. 'சாகும் கலை'ன்னு அர்த்தம். சாகக் கிடக்கிறவனுக்கு அஞ்சு சோதனை வரும்னு அது வரிசையா சொல்லுது: விசுவாசம் ஆட்டம் காணும், அவநம்பிக்கை வரும், பொறுமை போகும், 'நான் ரொம்ப நல்லவன்'ங்கிற கர்வம் வரும், சொத்து சொந்தத்தை விட மனசு வராது. என்னை உறைய வச்சது வேற ஒண்ணு. பக்கத்துல இருக்கிறவங்க நோயாளிக்கு 'பொழைச்சுக்குவ'ன்னு பொய் நம்பிக்கை கொடுத்து, அவன் தயாராகுறதைக் கெடுக்கக்கூடாதுன்னு அந்தப் புத்தகம் எச்சரிக்குது. அறுநூறு வருஷம் முன்னாடியே என்னைப் பத்தி எழுதி வச்சிருக்காங்க.

"நல்ல கள்வன் கடைசி நிமிஷத்துல மனந்திரும்பி மோட்சம் போகலையா?"ன்னு சிலர் கேப்பாங்க. லூக்கா நற்செய்தியில இருக்கிறதுதான். ஆனா சிலுவையில அவனுக்கு நினைவு தெளிவா இருந்துச்சு, பேச வாய் இருந்துச்சு. நம்ம காலத்துல நிறைய பேருக்கு கடைசி நாட்கள் மயக்க மருந்துலயும், தொண்டையில குழாயோடயும் போகுது. கடைசி நிமிஷம்னு ஒண்ணு நம்ம கைக்கு வரும்னு யார் சொன்னது? பேக்கப் எடுக்கிறதை சர்வர் படுத்தப்புறம் யோசிக்கிறவனை ஆபீஸ்ல என்ன சொல்லித் திட்டுவோம்?

இதுல திருச்சபை மேல தப்பு சொல்ல முடியாது. 'அவஸ்தைப் பூசுதல்'ங்கிற பேரே பயமுறுத்துதுன்னு அவங்களுக்கும் தெரியும். 'நோயில் பூசுதல்'னு சொல்றதுதான் பொருத்தம், உயிர் போற நேரத்துக்கு மட்டும் உரியதில்லைன்னு ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லயே சொல்லிடுச்சு. 1972-ல சடங்கு முறையையே திருத்தினாங்க. பெரிய வியாதின்னாலே வாங்கலாம், நோய் முத்தினா மறுபடியும் வாங்கலாம். சாகுறவங்களுக்குன்னு உண்டான சடங்கு உண்மையில கடைசி நற்கருணைதான். அதோட லத்தீன் பேருக்குப் பயணச் சாப்பாடுன்னு அர்த்தம். நம்ம பாஷையில கட்டுச்சோறு! ஆனா நம்ம வீடுகள்ல இன்னும் சாமியாரைப் பார்த்தா எமனைப் பார்த்த மாதிரிதான்.

நரக நெருப்பைக் காட்டி மிரட்டுற தியானப் பிரசங்கம் எனக்குச் சுத்தமா பிடிக்காது. பயந்தவன் தயாராக மாட்டான், தள்ளித்தான் போடுவான். மத்தேயு 25-ஐப் படிச்சுப் பாருங்க. கடைசிப் பரீட்சையோட கேள்வித்தாளே அங்க வெளியாயிருக்கு: பசிச்சவனுக்குச் சோறு போட்டியா, நோயாளியைப் போய்ப் பார்த்தியா, இப்படித்தான் போகுது. நித்தியத்துக்குத் தயாராகுறது சாகும்போது பண்ற வேலை இல்லன்னு இதுலயே தெரியலையா? ஜெபமாலை ஒரு சுத்து சொன்னா 53 தடவை அருள் நிறைந்த மரியே சொல்றோம். அந்த ஜெபத்துல வேண்டுற நேரம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு இப்போ, இன்னொண்ணு மரண நேரம். ஒரு நாள் அந்த ரெண்டும் ஒண்ணாயிடும். அப்பாயி தினமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் பழகியிருக்கணும்.

அதனால எங்க வீட்டுல சொல்லிட்டேன். எனக்கு அப்படி ஒரு நிலைமை வந்தா உண்மையைச் சொல்லுங்க, சாமியாரை சீக்கிரம் கூப்பிடுங்க, நான் யார்கிட்ட பேசணும்னு கேட்டாலும் உடனே ஃபோன் போட்டுக் கொடுங்க. அம்மா "வாயைக் கழுவு"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கும் அதேதான்"னார்.

கல்லறைத் திருநாள் அன்னிக்கு அண்ணன்தான் பெரியப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சான். வருஷா வருஷம் அவன்தான் அடிக்கிறான், யாரையும் தொட விட மாட்டான். அந்த ராத்திரி ஃபோன் விஷயத்தை அவன்கிட்ட நான் இதுவரைக்கும் சொல்லலை. அன்னிக்கும் பக்கத்துல மெழுகுதிரியைப் பிடிச்சுக்கிட்டு சும்மாதான் நின்னேன். அப்பா உன்கிட்ட பேசணும்னு கேட்டார்டான்னு ஒரு வரி. அதைச் சொல்லாம நான் எந்த மரணத்துக்கும் தயார்னு சொல்லிக்க முடியாது.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். டிக்கெட் போட்டாச்சு.