ஏழை என்று எத்தனை முறை நிரூபிப்பது?

1897-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் போனது. எழுதிய பையனுக்கு வயது 14. நெல்லையில் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணிய பாரதி, மேற்கொண்டு படிக்கப் பொருளுதவி கேட்டு, அதைச் செய்யுளாகவே எழுதியிருந்தார். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்கு இருந்த வழி அதுதான். பெரிய மனிதர் ஒருவர் வேண்டும், அவர் மனம் இரங்கவும் வேண்டும். பாரதிக்குக் கவிதை வந்தது. வராத பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

அதே காலத்தில் விருதுநகரில் வேறொரு வழி பிறந்தது. 1880-களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை ஊரின் வணிகச் சமூகம் வீடுவீடாகப் பிடியரிசி திரட்டியே நடத்தியது. காமராசர் படித்தது அங்கேதான். தனிமனிதரின் தயவை நம்பாமல் ஊரே கூடிப் படிக்கவைத்தது சாதாரண சாதனை அல்ல. ஆனால் கடைத்தெருவும் மகமை என்ற பொது நிதியும் உள்ள சமூகத்துக்கே அது கைகூடியது. நிலமும் கடையும் இல்லாதவர்கள் எதைப் பிடித்து மேலே வர?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய அம்பேத்கர், தயவின் இரண்டு பக்கங்களையும் பார்த்தவர். பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் கொடுத்த உதவியில்தான் அவர் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த உதவியின் கெடு முடிந்ததால் 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவரும் அவர்தான். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானபோது, பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்கு அரசுப் பணத்தைக் கேட்டு வாங்கினார். 1944-ல் தொடங்கிய அந்தத் திட்டமே இன்றைய போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு வேர். தயவாக இருந்தது உரிமையானது அந்த இடத்தில்தான்.

அதன்பின் தமிழ்நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது. தொழிற்கல்விக்கு 2010-ல் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை வந்தது. சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்க 2012-ல் ஆணை பிறந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்திலும், மறு ஆண்டு பொறியியல் முதலான படிப்புகளிலும் வந்தது. பட்டியல் நீளமானது, பெருமைக்குரியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலை வேறு. கொடுப்பவர் மாறிவிட்டார். கேட்பவர் நிலை அந்த அளவுக்கு மாறவில்லை.

சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது விசைத்தறி ஊர். தறி ஓட்டுபவருக்கு நெய்த சேலைக் கணக்கில்தான் கூலி. சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. மின்வெட்டு வந்தாலும் நூல் விலை ஏறினாலும் வருமானம் குறையும். அவர் மகள் பிளஸ் டூ முடித்ததும், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும். இசேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக அது நகரும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஒவ்வொன்றுக்கும் இதே நடை. ஓடிபி போகும் செல்போன் அப்பாவிடம் தறிக்கூடத்தில் இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து என்றால், திருத்த ஒரு நாள் கூலி போகும். இத்தனையும் கல்லூரி ஃபீஸ் கேட்கும் அதே வாரங்களில். ஸ்காலர்ஷிப் கணக்கில் ஏறுவதற்குள் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கியிருப்பார்கள்.

எந்தத் திட்டம் யாருக்கு என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளை இதைத் தாண்டிவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு அப்படி ஆள் இருக்க வழியே இல்லை. யாருக்காகச் சலுகையோ அவர்களுக்கே அது எட்டாமல் போக இதுவே போதும்.

இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? இல்லை என்று காட்டியது 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். 1989-ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம்தான் உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. தாலிக்குத் தங்கம் கொடுத்த பணம் கல்லூரிப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாகப் போகிறது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இவற்றின் அருமை தொகையில் இல்லை. வருமான வரம்பே இங்கே கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவரா என்பதுதான் கேள்வி. அதற்கான விடை கல்வித்துறையின் எமிஸ் பதிவிலேயே இருக்கிறது. பிள்ளை ஏழு வருடம் உட்கார்ந்திருந்த பெஞ்சே அதன் சான்று.

மற்ற உதவிகளுக்கும் இது ஏன் ஆகாது? ரேஷன் அட்டை, ஆதார், பள்ளிப் பதிவு எல்லாம் அரசின் கணினியில்தான் இருக்கின்றன. பிளஸ் டூ தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, பள்ளியிலேயே சான்றிதழ்களைக் கையில் கொடுத்து, எந்தெந்த உதவிக்குத் தகுதி என்று எழுதியும் கொடுத்துவிடலாம். கல்லூரிக்குச் சேர வேண்டிய ஃபீஸை அரசு நேரே கல்லூரியோடு தீர்த்துக்கொள்ளட்டும். பிள்ளையிடம் முன்பணம் கேட்கக் கூடாது. முதல் பட்டதாரி விதியையும் திருத்த வேண்டும். அக்கா பட்டம் பெற்றுவிட்டால் தம்பிக்குச் சலுகை இல்லை என்கிறது அது. அக்கா வாங்கிய பட்டத்தால் அப்பாவின் தறிக்கூலி ஏறிவிடவில்லை. இரண்டாவது பிள்ளையின் ஃபீஸும் அதே கூலியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.