கண்ணீர் கணக்குப் புத்தகம் ஆகாது

நம்மவர்கள் வீட்டில் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூடினால் மூன்றாவது தலைப்பு கண்டிப்பாகச் சாமியார்தான். முதல் இரண்டும் விசாவும் வீட்டு விலையும் :-)

"எங்க அம்மா வருஷக்கணக்கா தூங்கலை. அங்கே போயிட்டு வந்தப்புறம்தான் தூங்கறாங்க. அதைப் போய் ஆபத்துங்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்பார் ஒருவர். உடனே எதிராளி, "மதனப்பள்ளி ஞாபகம் இருக்கா? பெத்த பொண்ணுங்களையே கொன்னாங்களே!" என்பார். ஒருவருக்குக் கண் கலங்கும், இன்னொருவருக்குக் குரல் உயரும். அந்த அமைப்பு ஆபத்தானதா இல்லையா என்ற கேள்வி மட்டும் அங்கேயே நிற்கும்.

எனக்குச் சித்தூர், திருப்பதிப் பக்கம் சொந்தங்கள் உண்டு. அதனால் இந்தச் சண்டையில் சும்மா இருக்க முடியவில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் செய்வது ஒரே வேலைதான். கேள்வி கேட்கவிடாமல் வாயை அடைப்பது.

மதனப்பள்ளியை எடுங்கள். 2021 ஜனவரியில், அப்போதைய சித்தூர் மாவட்டத்தில், படித்த பெற்றோர் இருவர் தங்கள் இரண்டு மகள்களைக் கொன்றதாகக் கைதானார்கள். பிள்ளைகள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பினார்களாம். கொடுமை. ஆனால் கைதானது அந்தப் பெற்றோர்தான், எந்த ஆசிரமத்தின் தலைவரும் இல்லை. அதைக் காட்டி வேறோர் அமைப்பின் மேல் பழி போடுவது அநியாயம்.

சரி, அம்மாவின் தூக்கம்? 1978 நவம்பர் 17 இரவு, கயானாவின் ஜோன்ஸ்டவுனுக்கு விசாரிக்கப் போன அமெரிக்க எம்.பி. லியோ ரயன், "இங்கே பலருக்கு இதுதான் வாழ்க்கையிலேயே நல்ல விஷயம்" என்கிற மாதிரி பேசினார். கூட்டம் விடாமல் கை தட்டியது. மறுநாள் ரயனைச் சுட்டுக் கொன்றார்கள். 900 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கைதட்டலில் உண்மையான சந்தோஷமும் இருந்திருக்கும். ஆனால் அது எதற்கும் அத்தாட்சி ஆகவில்லை.

இப்போது வரதய்யபாளையம். எல்.ஐ.சி.யில் வேலை பார்த்து, பிறகு கல்கி பகவான் ஆன விஜயகுமாரின் ஆசிரமம் உள்ள இடம். இன்று திருப்பதி மாவட்டம். 2019 அக்டோபரில் வருமான வரித்துறை இந்தக் குழுமத்தின் சுமார் 40 இடங்களில் சோதனை போட்டது. 43.9 கோடி ரூபாய் ரொக்கம், 25 லட்சம் அமெரிக்க டாலர், 88 கிலோ தங்கம் பிடிபட்டதாகவும், கணக்கில் வராத வருமானம் 500 கோடிக்கு மேல் என்றும் அறிவித்தது. சோதனை என்பது தீர்ப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "என் அம்மா தூங்குகிறாள்" என்பது அந்த டாலருக்குப் பதிலும் இல்லை. தூக்கமும் உண்மையாக இருக்கலாம், டாலரும் உண்மையாக இருக்கலாம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காதீர்கள்.

உணர்ச்சியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. "பையன் வீட்டுக்கே வரலை" என்று ஒரு தாய் அழுதால் அது சாட்சி. சாட்சியை விசாரிக்க வேண்டும். கடைசியாக எப்போது பேசினான்? போகவிடாமல் தடுத்தது யார்? அதேபோல அமைப்பையும் கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா? மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? விலக நினைத்தவரை என்ன செய்தார்கள்? தலைவரைக் கேள்வி கேட்டவர் இன்னும் அங்கே இருக்கிறாரா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற இடம் என்றால் அம்மா தாராளமாகப் போகட்டும்.

நமக்குத்தான் இது ரொம்ப முக்கியம். பத்தாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். போனில் அம்மாவின் குரல் கேட்கும், பாஸ்புக் தெரியாது. சாமியாரைத் திட்டினால் அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டார்கள். "ரசீது குடுத்தாங்களாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கு யாரும் அழ வேண்டியதில்லை.