தன் எழுத்துக்குத் தன் மனை!

வீட்டு மூலையில் பழைய கணிப்பொறி ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டு, அதையே தன் வழங்கியாக அமைத்து, தன் கட்டுரைகளையும் படங்களையும் மடல்களையும் அதிற் சேர்த்து வைக்கும் இளைஞனைக் கண்டு நம்மவர் நகைக்கின்றனர். “பெருங்குழுமங்கள் இலவயமாகவே இடந் தரும்போது இவனுக்கேன் இந்த வெட்டி வேலை?” என்கின்றனர். தமிழன்பர்காள்! அது வெட்டி வேலையன்று. எழுதுகின்ற இனத்தார் எவரும் கற்றாக வேண்டிய தற்காப்பு வேலை.

இலவய மனையின் இயல்பு யாது? 1994இல் தோன்றிய சியோசிட்டீசு என்னும் இணைய ஊரில் உலகெங்கும் பன்னூறாயிரவர் தத்தம் பக்கங்களைக் கட்டிக் குடியேறினர். 1999இல் யாகூக் குழுமம் அதை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்த அவ்வூரை ஒட்டுமொத்தமாய் இழுத்து மூடியது. அறிவிப்புக் கொடுத்தனர்; ஒப்புதல் கேட்டாரில்லை. தன்னார்வலர் சிலர் இரவு பகலாய்ப் படியெடுத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது. குடிக்கூலி வாங்காதவன் ‘வெளியேறு’ எனச் சொல்லவும் தயங்கான்!

தன் மனையில் தான் வைத்ததே சட்டம் என்பதற்குத் தரவுத்தளமே சான்று. ‘தமிழ்’ என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. கணிப்பொறியின் ஒருங்குறியிலோ அது ஐந்து குறிகள். வழக்கமான சேமிப்பு முறையில் 15 பைட்டுகள். அதுமட்டுமா? ஒருங்குறிப் பட்டியலில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கின்றது. எனவே குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் தரவுத்தளம் ‘மனை, மலை, மழை’ என அடுக்கும். நம் அகரமுதலி முறையோ ‘மலை, மழை, மனை’ என்பது. போசுகிரெசு என்னும் தரவுத்தளத்தின் 10ஆம் பதிப்பு (2017) முதல், மொழிக்குரிய வரிசையை ஓர் ஆணையாற் கேட்டுப் பெறலாம். தன் தரவுத்தளத்தைத் தானே ஆள்பவன் இதனை ஒரு மாலைப்பொழுதிற் சீர்செய்வான். இரவல் மனையில் இருப்பவனோ விண்ணப்பம் எழுதிக் காத்துக் கிடப்பான். தன் நெடுங்கணக்கைத் தானே முறைப்படுத்த இயலாதவனுக்கு உரிமை ஏது?

இனி, இதனினும் கூரிய செய்திக்கு வருவோம். அங்கதம் நமக்குப் புதிதன்று. செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் அதனை வகுத்துக் காட்டியது தொல்காப்பியம். தொண்டைமானின் படைக்கொட்டிலைப் புகழ்வதுபோல் பழித்த ஔவையின் பாட்டு, புறநானூற்றில் இன்றும் உள்ளது. அவ்வழி வந்ததே அரசியற் கருத்துப்படம். ஆளுவோரை எள்ளும் உரிமை இல்லாத நாட்டில் குடியாட்சி என்பது பெயர்ப்பலகை மட்டுமே.

1987இல் அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் எள்ளிய அட்டைப்பட நகைச்சுவைக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று திங்கள் கடுஞ்சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாளில் விடுவித்தது. அன்று ஆசிரியரைச் சிறைப்படுத்த முடிந்தது; அச்சேறி வீடுதோறும் புகுந்துவிட்ட அந்த நகைச்சுவையைச் சிறைப்படுத்த முடியவில்லை.

2025 பிப்ரவரியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அமெரிக்கா இந்தியரை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பியதையொட்டி, தலைமையமைச்சர் மோடி திரம்பின் அருகில் விலங்குடன் அமர்ந்திருப்பதாக அதே விகடன் நிறுவனத்தின் மின்னிதழ் ஒரு கருத்துப்படம் வெளியிட்டது. சில நாளில் விகடன் இணையத்தளம் முழுமையும் முடங்கியது. ஒரு படத்துக்காக ஒரு நூலகமே பூட்டப்பட்டது! அப்படமுள்ள பக்கத்தை இப்போதைக்கு நீக்கினால் தடையை விலக்குக என்று சென்னை உயர்முறைமன்றம் மார்ச்சு 6ஆம் நாள் ஆணையிட்ட பின்னரே வழி திறந்தது.

“தன் தளம் வைத்திருந்தும் தடுக்கப்பட்டதே, பிறகென்ன பயன்?” என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. நடுவண் அரசு அடைத்தது மனையையன்று; மனைக்குச் செல்லும் தெருவை. உள்ளிருந்த ஏடுகள் அழியவில்லை. மனைக்குரியவர் தம் பெயரிலேயே வழக்காடவும் முடிந்தது. தன் வழங்கி அரசின் தடையைத் தடுக்கும் கேடயமன்று. ஆயினும் எழுதியது எழுதியவன் கையிலேயே இருக்கும். ஒரு தெரு அடைபட்டால் மறு தெரு வழியே அது வெளிவரும். பிறர் மனையில் மட்டுமே எழுதி வைத்தவனுக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

ஆகவே ஒரு மனை போதாது. படிகள் பல வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. மூன்று படிகள், இருவகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேற்றூரில் — கணிப்பொறியாளர் கைக்கொள்ளும் இந்நெறியை நம் இதழாளரும் எழுத்தாளரும் இன்றே மேற்கொள்ளல் வேண்டும்.

மூலையில் ஓடும் அப்பழைய கணிப்பொறியை இனி நகையாதீர்! அவ்விளைஞனிடம் சென்று கற்பீர்! ஊருக்கு ஒருவரேனும் தம் எழுத்தைத் தம் மனையிற் காப்பாராயின், நம் எள்ளலை எவராலும் முற்றாய் அழித்தல் இயலாது!